சிம்பொனிக் கச்சேரி

சிம்பொனிக் கச்சேரி: முழு இசைக்குழு ஒன்று, பல வேளைகளில் ஒரு பியானோ கன்செர்ட்டோவையும் ஒரு சிம்பொனியையும் சேர்த்து வழங்கும் மேற்கத்திய செவ்வியல் இசை நிகழ்ச்சி. தனிக் கலைஞரும் குழுவும் இணைந்து வாசிக்கும், வழக்கமாக மூன்று பகுதிகள் கொண்ட கன்செர்ட்டோ முதலில் வரும். குழு அடங்கியிருக்க, பியானோக் கலைஞர் தனித்து வாசிக்கும் ‘கடென்சா’ ஓரளவு நம் கர்நாடக இசையின் தனி ஆவர்த்தனத்தைப் போன்றது. இடைவேளையில் பியானோவை நகர்த்திவிட்டு, நான்கு பகுதிச் சிம்பொனியைத் தொடங்குவர். பகுதிகளுக்கு நடுவே கைதட்டும் வழக்கம் இன்று இல்லை. 1808 டிசம்பர் 22 அன்று வியன்னாவில் பீத்தோவன் தம் நான்காம் பியானோ கன்செர்ட்டோவைத் தாமே வாசித்து, ஐந்தாம், ஆறாம் சிம்பொனிகளையும் அரங்கேற்றினார். குளிரில் உறைந்த அரங்கில் அந்நிகழ்ச்சி சுமார் நான்கு மணி நேரம் நீண்டது. இந்தியாவில் 2006இல் மும்பையில் தொடங்கிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா இம்மரபில் இயங்குகிறது. இளையராஜாவின் ‘வேலியன்ட்’ சிம்பொனி 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அரங்கேறியது.