கோள் என்னும் வகைமை: சென்னை வானாய்வகம் தரும் சான்று

நவக்கோள் மரபில் ஞாயிறும் திங்களும், நிழற்கோள்களாகிய இராகு கேதுக்களும் கோள்களாக எண்ணப்பட்டன; புவி எண்ணப்படவில்லை. நிலைத்த விண்மீன்களிடையே இடம்பெயர்வதே அங்குக் கோளின் இலக்கணம். கதிரவ மையக் கொள்கை வலுப்பெற்றபின், கதிரவனைச் சுற்றுவன கோள்களாயின. புவியும் அவற்றுள் ஒன்றாயிற்று.

1801இல் பியாசி கண்ட சீரிசும் முதலில் கோளாகவே கொள்ளப்பட்டது. ஆயின், செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே அத்தகையன பெருகவே, 1850களில் அவை எண்ணிடப்பெற்றுத் தனிவகையாயின. இதன் பின்னரே, 1861 ஏப்ரல் 17இல், சென்னை வானாய்வகத்தில் நார்மன் போக்சன் புதியதொன்றைக் கண்டார். ஆசியக் கண்டத்தில் கண்டறியப்பட்ட முதற் சிறுகோளாதலின் அது 'ஆசியா' என்னும் பெயரும் 67 என்னும் எண்ணும் பெற்றது. அறுபதாண்டுகட்கு முன்னர்க் கண்ணிற்பட்டிருப்பின், அதுவும் கோளென எண்ணப்பட்டிருக்கும்.

2006இல் பிராக் நகரில் கூடிய பன்னாட்டு வானியல் ஒன்றியம் மூன்று வரையறைகளை வகுத்தது: கதிரவனைச் சுற்றுதல், தன் ஈர்ப்பால் ஏறத்தாழ உருண்டை வடிவுறுதல், தன் பாதையின் சுற்றுப்புறத்தில் பிற பொருள்களை அகற்றியிருத்தல். மூன்றாவதனால் புளூட்டோ கோள்வரிசையினின்று நீங்கிச் சீரிசுடன் குறுங்கோள் ஆயிற்று. 'ஆசியா' சிறுகோளாகவே நிற்கின்றது.

எனவே, பழைய எண்ணிக்கையை வெறும் பிழையெனத் தள்ளுதல் பொருந்தாது. அது தன் கால இலக்கணத்திற்கு இயைந்ததே. இலக்கியம் கண்டபின் இலக்கணம் அமைதல் தமிழர் அறிந்த நெறி. கோளுக்கும் அந்நெறியே பொருந்துகின்றது.