துணி உலர்த்திக் கட்டுப்பாட்டின் வரலாறு

துணி உலர்த்தி என்பது துவைத்த துணிகளைச் சூடான காற்றால் உலர்த்தும் வீட்டுக் கருவியாகும். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் ‘டிரையர்’ என்ற சொல், இரட்டைத் தொட்டிச் சலவை இயந்திரத்தில் துணியைச் சுழற்றி நீரை வெளியேற்றும் தொட்டியையே பெரும்பாலும் குறிக்கும். அதில் வெப்பம் இல்லை. வெப்பத்தால் உலர்த்தும் கருவியில், துணி காய்ந்துவிட்டது என்று முடிவு செய்யும் பொறுப்பு மனிதக் கையிலிருந்து மின்னணுப் பலகைக்கு மாறியது. அந்த மாற்றத்தோடு பழுதைத் தேட வேண்டிய இடமும் மாறியது.

தோற்றம்

பிரான்சைச் சேர்ந்த பொஷோன் என்பவர் 1800-ஆம் ஆண்டையொட்டி, துளையிட்ட உலோக உருளையை நெருப்பின் மேல் கையால் சுழற்றும் கருவியை உருவாக்கினார். அதில் துணியில் புகை வாடை ஏறும். சில வேளை துணி கருகவும் செய்யும். 1892 ஜூன் 7 அன்று அமெரிக்கர் ஜார்ஜ் சாம்ப்சன், அடுப்பு வெப்பத்தில் துணி உலர்த்தும் சட்டகத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஜே. ராஸ் மூரின் வடிவமைப்பை ஹாமில்டன் நிறுவனம் 1938-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

பின்னர் வந்த கருவிகளில் டைமர் நேரத்தைக் கணக்கிட்டது. ஆனால் உள்ளே இருப்பது மெல்லிய சட்டையா, கனத்த போர்வையா என்பது டைமருக்குத் தெரியாது.

மின்னணுக் கட்டுப்பாடு

1974-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் விற்பனைக்கு வெளியிட்ட டிஎம்எஸ் 1000 போன்ற மலிவான ஒற்றைச் சில்லுக் கணினிகள், வீட்டுக் கருவிகளில் மின்னணுக் கட்டுப்பாட்டுக்கு வழிவகுத்தன. இத்தகைய உலர்த்தியின் உருளையில் இரண்டு உலோகப் பட்டைகள் இருக்கும். ஈரத் துணி அவ்விரண்டையும் தொடும்போது சிறிதளவு மின்னோட்டம் பாயும். துணி காயக் காய அது குறையும். இதுவே ஈர உணரி. காற்றின் சூட்டைத் தெர்மிஸ்டர் அளக்கிறது. இவ்விரு தகவல்களையும் கொண்டு பலகை ரிலே வழியாக வெப்பக் கம்பியை இயக்குகிறது.

புதுச்சேரிச் சூழல்

டிவிஎஸ் குழுமமும் வேர்ல்பூலும் 1987-இல் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தத்தின் வழியே புதுச்சேரிக்குச் சலவை இயந்திரத் தொழிற்சாலை வந்தது. எனினும் துணி காய வைப்பது இன்றும் பெரும்பாலும் மொட்டைமாடிக் கொடியில்தான்.

கிழக்குக் கடற்கரைச் சாலையையொட்டிய கருவடிக்குப்பம் போன்ற பகுதிகளில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையே உலர்த்தியின் தேவையை உணர்த்துகிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கு மேல் மழை பெய்தது. கடலோர உப்புக் காற்றும் ஈரப்பதமும் மின் இணைப்புகளை அரிப்பதால், தேவை மிகும் பருவத்திலேயே பழுதும் வரக்கூடும்.

பழுது அறிதல்

எந்தச் சோதனைக்கு முன்பும் பிளக்கைப் பிடுங்க வேண்டும்.

துணி காயும் முன்பே கருவி நின்றுவிட்டால், பலகையைக் குறைசொல்லும் முன் ஈர உணரியைப் பார்க்க வேண்டும். துணி மென்மையாக்கியின் படலம் பட்டைகளில் படிந்தால் மின்னோட்டம் தடைப்படும். பலகை அதைக் ‘காய்ந்த துணி’ என்று புரிந்துகொள்ளும். பட்டைகளைத் துடைத்தாலே இப்பழுது தீரக்கூடும்.

சூடு மிகுந்தால் தெர்மிஸ்டரையும் அதன் கனெக்டரையும் ஆராய வேண்டும். பல கருவிகளில் தெர்மிஸ்டரின் மின்தடை 25 பாகை செல்சியசில் 10,000 ஓம். 50 பாகையில் அது 4,000-க்கும் கீழே இறங்கும். துருப்பிடித்த கனெக்டர் கூடுதல் தடையைச் சேர்த்தால், பலகை காற்று குளிர்ந்திருப்பதாகக் கருதி வெப்பத்தைத் தொடரும்.

சூடே இல்லையெனில் வெப்ப உருகி, வெப்பக் கம்பி, ரிலே ஆகியவற்றை வரிசையாகச் சோதிக்க வேண்டும். பஞ்சு வடிகட்டி அடைத்துக் காற்றோட்டம் குறைந்ததாலும் உருகி அறுந்திருக்கலாம். காரணத்தை நீக்காமல் உருகியை மட்டும் மாற்றினால் அது மீண்டும் அறும். உருகியை நீக்கிவிட்டு நேரடியாக இணைப்பது தீவிபத்துக்கு இடமளிக்கும். வெள்ளநீர் புகுந்த கருவியைத் தொழில்நுட்பர் சோதிக்காமல் மின்சாரத்தில் இணைக்கக் கூடாது.

பழுதுநீக்கும் உரிமை

உணரிகளைச் சோதிக்காமல் பலகையை மாற்றினால் செலவும் மின்னணுக் கழிவும் மிகுவதோடு பழைய பழுதும் நீடிக்கலாம். இதைத் தவிர்க்கப் பழுதுநீக்கும் கையேடும் உதிரிப்பாகமும் எளிதில் கிடைக்க வேண்டும். இந்திய அரசு 2022 ஜூலையில் ‘பழுதுநீக்கும் உரிமை’ குறித்துக் குழு அமைத்தது. குழு கருத்தில் கொண்ட துறைகளுள் வீட்டு உபயோகப் பொருள்களும் ஒன்றாகும்.