மஞ்சள் காமாலை: நோயறிந்து மருந்து தேடிய வரலாறு



வெண்ணெய்க்கும் நெய்க்கும் பெயர் பெற்றது நம் ஊத்துக்குளி. இவ்வூரிலும் ஒருவருக்குக் கண் மஞ்சளித்துவிட்டால் முதலில் வெண்ணெயும் நெய்யும் நிறுத்தப்படும். அடுத்துக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுப்பர். சில வாரங்களில் பெரும்பாலோர் தேறிவிடுவர். தேறாத சிலரைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. ஒரே மஞ்சள் நிறம் சிலரை விட்டுவிட்டுச் சிலரை ஏன் கொண்டுசெல்கிறது என்பதை அறிய மனித குலத்துக்குப் பல நூற்றாண்டுகள் ஆயின.

ஒவ்வொரு நோய்க்கும் மருந்து உண்டென்றும், நோய்க்குப் பொருந்திய மருந்து அமையும்போது அல்லாஹ்வின் நாட்டத்தால் குணம் கிட்டுமென்றும் நபி (ஸல்) அவர்கள் கூறியதாக ஜாபிர் (ரலி) அவர்கள் வழியாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. மருந்து பொருந்த வேண்டுமெனில் நோய் இன்னதென்று முதலில் தெரிய வேண்டும். காமாலையின் வரலாறு முழுவதும் இந்தத் தேடலின் வரலாறே.

கி.பி. 1037இல் மறைந்த இப்னு சீனா, தமது 'அல்கானூன்' நூலில் 'யரகான்' எனப்படும் காமாலையை மஞ்சள், கறுப்பு என இரு வகையாகப் பிரித்து ஆராய்ந்தார். நோயைப் பிரித்தறிய வேண்டும் என்ற எண்ணம் அன்றே இருந்தது. ஆயினும் இரத்தம் கல்லீரலில் உருவாகிறது என்ற கிரேக்க மருத்துவர் காலனின் கருத்தே அக்கால மருத்துவத்துக்கு அடிப்படையாக இருந்தது. 1628இல் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி இரத்தச் சுற்றோட்டத்தை விளக்கிய பிறகே அக்கருத்து வலுவிழந்தது.

கல்லீரலின் உண்மையான பணி வியப்புக்குரியது. வயிற்றின் வலப்புற மேற்பகுதியில், ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுடன் அது அமைந்துள்ளது. குடலிலிருந்து வரும் இரத்தம் அதன் வழியாகச் சென்ற பிறகே இதயத்தை அடைகிறது. சர்க்கரையைச் சேமித்தல், பித்தநீர் சுரத்தல், இரத்தம் உறைவதற்கான புரதங்களை ஆக்குதல், அம்மோனியா நஞ்சை யூரியாவாக மாற்றுதல் ஆகியன அதன் பொறுப்பு. சுமார் 120 நாட்கள் வாழ்ந்து அழியும் சிவப்பணுக்களிலிருந்து பிலிரூபின் என்னும் மஞ்சள் நிறமி உண்டாகிறது. அதைப் பித்தநீரில் சேர்த்து வெளியேற்றுவதும் கல்லீரலே. சிவப்பணுக்கள் மிகுதியாக அழிந்தாலும், கல்லீரல் பழுதுபட்டாலும், பித்தக்குழாய் அடைபட்டாலும் அந்நிறமி தேங்கிக் கண் மஞ்சளாகும். ஆகவே காமாலை என்பது ஓர் அறிகுறி. அதன் பின்னிருக்கும் நோய் பலவாக இருக்கலாம்.

கல்லீரலைத் தாக்கும் கிருமிகள் பலவகை என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் தெளிவாயிற்று. 1947இல் பிரிட்டிஷ் மருத்துவர் மெக்கல்லம், உணவாலும் நீராலும் பரவுவதை ஹெபடைடிஸ் 'ஏ' என்றும், இரத்தத்தால் பரவுவதை 'பி' என்றும் பெயரிட்டுப் பிரித்தார். 1960களில் அமெரிக்க அறிஞர் பரூக் புளூம்பெர்க், ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் இரத்தத்தில் கண்ட புதிய புரதம் 'பி' வைரஸின் மேலுறை எனப் பின்னர் உறுதியாயிற்று. அவருக்கு 1976இல் நோபல் பரிசு கிடைத்தது.

அதே புளூம்பெர்க், நம் கீழாநெல்லியின் வரலாற்றிலும் இடம்பெறுகிறார். சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ்.பி. தியாகராஜன் அவருடனும் பிற ஆய்வாளர்களுடனும் இணைந்து, நீண்ட நாளாக 'பி' வைரஸைச் சுமந்தவர்களுக்கு 30 நாட்கள் கீழாநெல்லி மருந்து கொடுத்து ஆராய்ந்தார். மருந்துண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்தது. வெற்று மாத்திரை உண்ட 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு நேர்ந்தது. 1988இல் 'லான்செட்' இதழ் இதை வெளியிட்டபோது உலகமே சென்னையைத் திரும்பிப் பார்த்தது. ஆனால் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் பின்னர் நடந்த ஆய்வுகளில் அப்பலன் கிட்டவில்லை. 'ஏ' வகைக் காமாலை பெரும்பாலும் தானாகவே தணியக்கூடியது. அந்தக் குணத்தின் பெருமையைத்தான் வீடுகளில் நாம் மூலிகைக்குக் கொடுத்துவந்தோம்.

தண்ணீரால் பரவுவதெல்லாம் எளிதில் தணியும் என்ற நம்பிக்கையைக் காஷ்மீர் தகர்த்தது. 1978ஆம் ஆண்டின் இறுதியில் அங்கே பரவிய காமாலையில் ஏறத்தாழ 52,000 பேர் பாதிக்கப்பட்டனர். சுமார் 1,700 பேர் இறந்தனர். கர்ப்பிணிகளை அது குறிப்பாகக் கடுமையாகத் தாக்கியது. காஷ்மீர் மருத்துவர் முஹம்மது சுல்தான் குரூ ஊர் ஊராகச் சென்று இரத்த மாதிரிகளைத் திரட்டினார். அது 'ஏ'யும் அன்று, 'பி'யும் அன்று, புதியதொரு கிருமி என்று 1980இல் எழுதினார். அதுவே இன்றைய ஹெபடைடிஸ் 'இ'. கர்ப்பிணிக்குக் கண் மஞ்சளித்தால் ஒரு நாளும் வீட்டு வைத்தியத்தில் கழிக்கலாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

'பி' வகைக்குத் தடுப்பூசி உண்டு. ஐதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம் 1997இல் அதை இந்தியாவிலேயே தயாரித்து, இறக்குமதி மருந்தைவிட மிகக் குறைந்த விலையில் விற்றது. இந்திய வங்கிகள் தயங்கிய அம்முயற்சிக்கு முதலீடு தந்து தாங்கியவர் ஓமன் நாட்டு அமைச்சர் யூசுஃப் பின் அலவி. இன்று அரசு மருத்துவமனைகளில் இது குழந்தைகளுக்கு இலவசம். பிறந்தவுடன் தாயிடமிருந்து தொற்றும் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேர் நாட்பட்ட நோயாளிகளாகின்றனர். எனவே பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போடப்பட வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கல்லீரல் நோய் என்றாலே மது என்று எண்ணுகிறோம். மது கல்லீரலைச் சுருங்கச் செய்வது உண்மையே. அது ஹராம் என்பதும் நாம் அறிந்ததே. ஆனால் மதுவைத் தொடாத ஒருவருக்குத் தாய்வழியாகவோ, தூய்மையற்ற ஊசியாலோ 'பி'யும் 'சி'யும் வரக்கூடும். உடற்பருமனும் சர்க்கரை நோயும் கல்லீரலில் கொழுப்பைச் சேர்க்கக்கூடும். ஊரார் தவறாக எண்ணுவரோ என்று அஞ்சி நோயை மறைப்பவர், சிகிச்சைக்குரிய காலத்தை இழக்கிறார். ஒரு சகோதரரைப் பற்றித் தீய எண்ணம் கொள்வதை மார்க்கம் தடுத்திருக்கிறது.

2018 ஜூலை 28இல் தொடங்கப்பட்ட தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் 'பி', 'சி' வகைகளுக்குப் பரிசோதனையும் மருந்தும் இலவசமாகக் கிடைக்கின்றன. பத்தியம் இருப்போர் இருக்கட்டும். அதற்கு முன் எந்தக் காமாலை என்று இரத்தப் பரிசோதனையில் அறிந்துகொள்வோம். குடிநீரைக் கொதிக்கவைத்துப் பருகுவோம். பொருந்திய மருந்தைத் தேடுவது நம் கடமை. ஷிஃபா அளிப்பவன் அல்லாஹ்.