முற்றிய புற்றுநோய்: நோயெதிர்ப்புச் சிகிச்சையும் துணைச் சிகிச்சைகளும்

உடலின் சொந்த எதிர்ப்பு அணுக்களைக் கொண்டே புற்றுநோயைத் தாக்கும் முறைக்கு நோயெதிர்ப்புச் சிகிச்சை என்று பெயர். மருத்துவமனைகளில் இம்யூனோதெரபி என்பார்கள். தோன்றிய இடத்தை விட்டு நுரையீரல், கல்லீரல், எலும்பு, மூளை என்று பரவிவிட்ட நான்காம் நிலையிலும் சில வகைப் புற்றுநோய்களுக்கு இன்று இதுதான் முதல் மருந்து. யோகா, அக்குபங்சர், இஞ்சி, கஷாயம் என்று நோயாளிகள் தாமாகவும் உறவினர் சொல்கேட்டும் நாடுபவை துணைச் சிகிச்சைகள். இரண்டைப் பற்றிய பேச்சிலும் ‘எதிர்ப்பு சக்தி’ என்ற ஒரே சொல் புழங்குவதால் பெரிய குழப்பம் நேர்கிறது. கடையில் விற்கும் பொடி எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் என்கிறது அதன் விளம்பரம். மருத்துவமனையில் ஏற்றப்படும் மருந்தோ எதையும் கூட்டுவதில்லை. ஒரு தடையை எடுத்துவிடுகிறது, அவ்வளவுதான்.

ரத்தத்தில் சுற்றிவரும் டி அணுக்கள், எதிர்ப்படும் அணுக்களைத் தொட்டுப் பார்த்து, வேற்றாகத் தெரிந்தவற்றைக் கொல்லும். வெறிகொண்டு சொந்த உடலையே அழித்துவிடக் கூடாது என்பதற்காக அவற்றின் மேற்பரப்பில் நிறுத்து விசைகள் உண்டு. பிடி-1 அவற்றில் ஒன்று. பல புற்றணுக்கள் பிடி-எல்1 என்ற புரதத்தைத் தம்மேல் வளர்த்துக்கொண்டு, நெருங்கிவரும் டி அணுவின் அந்த விசையை அழுத்திவிடுகின்றன. கொல்ல வந்த அணு செயலற்று நின்றுவிடும். நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் ஆகிய மருந்துகள் பிடி-1 மீது முன்கூட்டியே போய் ஒட்டிக்கொண்டு அந்த அழுத்தலுக்கு இடம் தராமல் செய்கின்றன.

எதிர்ப்பு அணுக்களை ஏவிப் புற்றை ஒழிக்கும் எண்ணம் பழையது. நியூயார்க் அறுவை மருத்துவர் வில்லியம் கோலி, கடுமையான தோல் தொற்று வந்த ஒருவருக்குக் கழுத்துக் கட்டி மறைந்துபோனதை அறிந்து, 1891-இல் தன் நோயாளி ஒருவருக்கு வேண்டுமென்றே பாக்டீரியாவை ஊசிவழி செலுத்தினார். பின்னர் இப்படி ஊசி பெற்றவர்களில் சிலர் பிழைத்தார்கள், காரணம் யாருக்கும் விளங்கவில்லை. விளங்க ஒரு நூற்றாண்டு பிடித்தது. ஜப்பானின் கியோட்டோவில் தசுகு ஹோன்ஜோவின் குழு 1992-இல் பிடி-1-ஐக் கண்டறிந்தது. அமெரிக்காவில் ஜேம்ஸ் ஆலிசன், சிடிஎல்ஏ-4 என்ற இன்னொரு விசையைத் தடுத்தால் எலிகளின் கட்டி கரைவதை 1990-களின் நடுவில் காட்டினார். அந்த வழியில் வந்த இபிலிமுமாப் 2011-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இருவருக்கும் 2018-இல் நோபல் பரிசு கிடைத்தது.

முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் 2015 ஆகஸ்டில், தோலில் தோன்றும் மெலனோமா கல்லீரலிலிருந்து மூளைவரை பரவிவிட்டதாக அறிவித்தபோது அவருக்கு 90 வயது. கல்லீரலில் அறுவை, மூளைக்குக் கதிர்வீச்சு, கூடவே பெம்ப்ரோலிசுமாப். டிசம்பரில் எடுத்த ஸ்கேனில் கட்டி எதுவும் தெரியவில்லை. அவர் 2024 டிசம்பரில், 100 வயதில் காலமானார்.

கார்ட்டரின் கதை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. பரவிய மெலனோமா வந்தவர்களில் பாதிப் பேர் ஓராண்டுகூடத் தாண்டாத காலம் ஒன்று இருந்தது. நிவோலுமாபும் இபிலிமுமாபும் சேர்த்துப் பெற்றவர்களில் 43 சதவீதத்தினர் பத்தாண்டுக்குப் பிறகும் உயிரோடு இருந்ததாக 2024-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஆனால் கணையம், புராஸ்டேட் புற்றுநோய்களில் பெரும்பாலானவை இம்மருந்துகளுக்கு அசைந்து கொடுப்பதில்லை. அவற்றிலும் ஒரு சிறு பிரிவினர் விலக்கு: டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் ஏற்பாடு பழுதான கட்டிகள் எந்த உறுப்பில் இருந்தாலும் பெம்ப்ரோலிசுமாப் தரலாம் என்று 2017-இல் அமெரிக்கா அனுமதித்தது. ஆகவே பயாப்ஸி எடுத்த திசுவில் அந்தப் பழுதைக் காட்டும் எம்எஸ்ஐ பரிசோதனையும் பிடி-எல்1 பரிசோதனையும் செய்யப்பட்டனவா என்பது, சொத்தை விற்றாவது ஊசி போட்டுவிடலாம் என்று தவிக்கும் குடும்பம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

விசை விலகினால் டி அணுக்கள் சொந்த உறுப்புகளையும் தாக்கக்கூடும். குடல், தைராய்டு, நுரையீரல், கல்லீரல், தோல், அரிதாக இதயம் என எதுவும் வீங்கலாம், சிலருக்கு மருந்தை நிறுத்திப் பல மாதம் கழித்தும். நாளைக்கு இரண்டு முறை போன வயிறு ஆறு முறை போகிறதென்றால், இது சாதாரண வயிற்றுப்போக்கு என்று மாத்திரை போட்டுக்கொண்டு காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். சீக்கிரம் கண்டுகொண்டால் பெரும்பாலும் ஸ்டீராய்டில் அடங்கிவிடும்.

விலைதான் பெரிய சுவர். அதில் ஒரு வாசலைத் திறந்தவர்கள் மும்பை டாடா நினைவு மருத்துவமனையினர். முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமாபை மலிவான மாத்திரைகளோடு சேர்த்துத் தந்தார்கள். வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 240 மில்லிகிராம். ஓராண்டு கடந்தும் உயிரோடு இருந்தவர்கள், மாத்திரை மட்டும் பெற்ற குழுவில் 16.3 சதவீதம், நிவோலுமாப் சேர்த்துப் பெற்ற குழுவில் 43.4 சதவீதம். வெற்றிலை பாக்கும் புகையிலையும் வாயைத் தின்னும் நாட்டுக்கு இது உலகச் செய்தி. ரத்தப் புற்றுநோய்க்கு நோயாளியின் டி அணுக்களையே மரபணு மாற்றித் திரும்பச் செலுத்தும் கார்-டி சிகிச்சையும், ஐஐடி பம்பாயும் டாடாவும் உருவாக்கிய நெக்ஸ்கார்19 வழியாக 2023-இல் இந்திய அனுமதி பெற்றது.

துணைச் சிகிச்சைகளில் ஆய்வில் தேறியவை உண்டு. கீமோவின் குமட்டலை இஞ்சி ஓரளவு தணிக்கிறது. சோர்வுக்கும் தூக்கமின்மைக்கும் யோகா உதவுகிறது. சில மருந்துகளால் வரும் மூட்டுவலியை அக்குபங்சர் குறைக்கிறது. இவை வேதனையைக் குறைப்பவை. கட்டியைக் கரைப்பவை அல்ல. பரவாத, குணமாகக்கூடிய நிலையிலேயே மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பியவர்கள் இறக்கும் அபாயம் இரண்டரை மடங்கு அதிகம் என்று யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் கண்டார்கள்.

சீந்தில்கொடியை எடுத்துக்கொள்வோம். எதிர்ப்பு சக்திக்கென்று கொரோனா காலத்தில் வீடுதோறும் காய்ச்சிக் குடித்தது. அதைத் தொடர்ந்து எடுத்த சிலருக்கு, உடலே தன் கல்லீரலைத் தாக்கும் வகை அழற்சி வந்ததாக மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்கவில்லை. நிவோலுமாப் ஏற்றிக்கொள்ளும் ஒருவர் இதையும் குடித்து, ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதிகள் ஏறினால், வினை எதிலிருந்து வந்தது என்று பிரித்தறிய வழியில்லை. நல்ல மருந்தை நிறுத்த நேரிடும். டாக்டர் திட்டுவார் என்று மறைக்காமல், பொடி டப்பாவையே கையோடு கொண்டுபோய்க் காட்டுவது நல்லது.

உணவிலும் இப்படி ஒரு வியப்பு உண்டு. மெலனோமாவுக்கு இம்யூனோதெரபி பெற்றவர்களில், நார்ச்சத்து மிகுந்த உணவு உண்டு, கடையில் வாங்கும் புரோபயாடிக் மாத்திரைகளைத் தவிர்த்தவர்களுக்கே நோய் கூடுதலாகக் கட்டுப்பட்டது என்று 2021-இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. சிறிய ஆய்வுதான், கீரையும் பயறும் உண்ண அது போதும்.

வலி தணிப்புச் சிகிச்சை என்றாலே ‘இனி ஒன்றும் செய்ய முடியாது’ என்று பொருள்கொண்டு பலர் அதைக் கடைசி வாரம்வரை தள்ளிப்போடுகிறார்கள். பாஸ்டனில் பரவிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரைக் கொண்ட ஆய்வு 2010-இல் வெளியானது. நோய் தெரிந்த தொடக்கத்திலேயே வலி, மூச்சிரைப்பு, பயம் பற்றி உட்கார்ந்து பேச ஒரு குழு கிடைத்தவர்களுக்கு மனச்சோர்வு குறைந்தது. கடைசிக் கட்டத்தில் கடுமையான சிகிச்சைகளை அவர்களில் குறைவானோரே பெற்றனர். ஆயினும் அவர்களின் இடைநிலை ஆயுள் 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9 மாதம்.