ஒரே கோபம், இரண்டு கூட்டம்

2008 அக்டோபர் 3 அன்று அதிபர் ஜார்ஜ் புஷ் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். நிதி நெருக்கடியில் சிக்கிய வங்கிகளைக் காப்பாற்ற 70,000 கோடி டாலர் வரை வரிப்பணம். வீட்டுக்கடன்களை வைத்துச் சூதாடியவர்கள் தப்பித்தார்கள். வேலையும் வீடும் இழந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அந்தக் கோபம் இரண்டு இயக்கங்களுக்குத் தீனி போட்டது: வலதுசாரி டீ பார்ட்டி, இடதுசாரி ஆக்குபை வால் ஸ்ட்ரீட்.

என் வேலையில் ஒரு சிஸ்டம் விழுந்தால் முதலில் வரும் கேள்வி, தப்பு எங்கே என்பது. இந்த இரண்டு கூட்டமும் பார்த்தது ஒரே விபத்தைத்தான். பணத்தைக் கொடுத்த அரசாங்கம்தான் குற்றவாளி என்றது டீ பார்ட்டி. வாங்கிக்கொண்ட வங்கிதான் என்றது ஆக்குபை.

டீ பார்ட்டியின் பெயர் 1773-இல் பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டப்பட்ட 342 பெட்டித் தேயிலையிலிருந்து வந்தது. அதை வரி எதிர்ப்புக் கதையாகத்தான் நாம படிச்சிருக்கோம். கதையில் இன்னொரு பாதி இருக்கு. அந்தத் தேயிலை கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. ஆமாம், சென்னைக் கோட்டையில் உட்கார்ந்திருந்த அதே கம்பெனி. கடனில் மூழ்கிக்கொண்டிருந்த அதற்கு லண்டன் அரசு 14 லட்சம் பவுண்டு கடன் கொடுத்தது. அமெரிக்காவில் நேரடியாகத் தேயிலை விற்கச் சலுகையும் கொடுத்தது. வரியும் உண்டு, முதலாளிக்குக் கைகொடுத்த அரசும் உண்டு. இரண்டு கூட்டமும் உரிமை கோரியிருக்கக்கூடிய கதை.

அப்புறம் ஏன் சேரவில்லை? 'மக்கள்' என்றால் யார் என்பதில்தான் பிளவு. 2009 பிப்ரவரி 19 அன்று சிகாகோ வர்த்தகத் தளத்தில் நின்றபடி தொலைக்காட்சியில் பேசிய ரிக் சான்டெல்லி திட்டியது வங்கிகளை அல்ல, கடன் கட்ட முடியாமல் தவித்த அண்டைவீட்டுக்காரரை. சுற்றியிருந்த தரகர்கள் ஆரவாரம் செய்தார்கள். டீ பார்ட்டிக்காரர்களை நேரில் சந்தித்த ஆய்வாளர்கள் தீடா ஸ்காச்போலும் வனெசா வில்லியம்சனும் ஒன்றைக் கவனித்தார்கள்: அவர்களுக்கு ஓய்வூதியமும் முதியோர் மருத்துவக் காப்பீடும் உழைத்துச் சம்பாதித்த உரிமை; குடியேறிகளுக்கும் இளைஞர்களுக்கும் போவதெல்லாம் ஓசி. ஆக்குபையோ 99 சதவீதம் என்று எல்லாரையும் ஒரே கணக்கில் சேர்த்தது. அந்தக் கணக்கில் இருக்கவே விரும்பாதவர்களை என்ன செய்வது என்று அதனிடம் பதில் இல்லை.

கோபத்தை எங்கே கொண்டுபோனார்கள் என்பது அடுத்த வேறுபாடு. டீ பார்ட்டி குடியரசுக் கட்சிக்குள் நுழைந்தது. வங்கி மீட்புக்கு வாக்களித்த யூட்டா செனட்டர் பாப் பென்னட்டை 2010-இல் சொந்தக் கட்சி மாநாடே கழற்றிவிட்டது. அந்த நவம்பரில் கீழவையில் கட்சிக்குக் கூடுதலாக 63 இடங்கள். பெரும் பணக்காரர்களின் அமைப்புகளும் ஃபாக்ஸ் நியூஸும் துணை நின்றன என்பது உண்மை. ஆனால் ஊர் ஊராகக் கூட்டம் போட்டு, கட்சி விதிகளைக் கற்று, அலுக்காமல் வாக்களித்தவர்கள் சாதாரண மனிதர்கள்.

ஆக்குபை 2011 செப்டம்பர் 17 அன்று நியூயார்க்கின் ஸுக்காட்டி பூங்காவில் கூடியது. ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லாததால் ஒருவர் பேசியதைக் கூட்டமே திரும்பச் சொன்னது. தலைவர் வேண்டாம், கோரிக்கைப் பட்டியல் வேண்டாம் என்றார்கள். அழகான ஜனநாயகம்தான். நவம்பர் 15 அதிகாலையில் போலீஸ் பூங்காவைக் காலி செய்தது. மிஞ்சியது '99 சதவீதம்' என்ற சொல். அதுவும் சின்ன விஷயமில்லை. ஏற்றத்தாழ்வை அமெரிக்க அரசியல் பேச வேண்டியதாயிற்று.

பொது எதிரி இருந்தால் போதும், எல்லாரும் சேர்ந்துவிடுவார்கள் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இங்கே எதிரி ஒன்றுதான். பக்கத்து வீட்டுக்காரர் நம்மவரா, சுமையா என்பதில்தான் அந்தக் கோபம் இரண்டாக உடைந்தது. வங்கிகள் அப்படியே இருக்கின்றன.