கொடையாகப் பிறந்த மென்பொருள்

அறச்செயல் என்றவுடன் பொன்னும் பொருளும் வழங்குதலே நம் நினைவுக்கு வருகின்றது. தாம் பொருள் செலவிட்டு உருவாக்கிய ஒரு கருவியை, அதன் செய்முறையோடு சேர்த்து உலகோர்க்கு உரிமையாக்குவதும் அறமேயாகும். நியூசிலாந்து நாட்டின் சிறிய நூலக அறக்கட்டளை ஒன்று இதனைச் செயலிற் காட்டிய வரலாற்றை நம் ஆசிரியரும் மாணவரும் அறிந்துகொள்ளுதல் நலம்.

நியூசிலாந்தின் வட தீவில், தலைநகர் வெலிங்டனுக்கு வடக்கே ஹொரோஃபெனுவா என்னும் வட்டாரம் உள்ளது. அங்குள்ள பொது நூலகங்களை ஹொரோஃபெனுவா நூலக அறக்கட்டளை நடத்தி வந்தது. 1999ஆம் ஆண்டில் அதற்கு ஒரு நெருக்கடி நேர்ந்தது. நூல்களை இரவல் வழங்கவும் திரும்பப் பெறவும் பயன்பட்ட அதன் கணினி முறை, 2000ஆம் ஆண்டு பிறந்தால் சரிவர இயங்காது எனத் தெரிய வந்தது. அக்காலக் கணினி முறைகள் பலவற்றில் ஆண்டின் இறுதி இரண்டு எண்களே பதிவாயின. ஆதலின் 2000ஐ 1900 என்று அவை மயங்கக்கூடும் என்ற அச்சம் உலகெங்கும் நிலவியது. சந்தையில் விற்கப்பட்ட மென்பொருளை வாங்குவது ஒரு வழி. ஆயின், விலை கொடுத்து வாங்கிய பின்னரும் அதன் உள்ளமைப்பைக் காணவோ குறையைத் திருத்தவோ வாங்கியவர்க்கு உரிமை இராது.

அறக்கட்டளை வேறு வழியை நாடியது. கட்டிப்போ என்னும் நிறுவனத்தைக் கொண்டு புதிய மென்பொருளை எழுதுவித்தது. அது 2000 ஜனவரியில் பணிக்கு வந்தது. தம் செலவில் உருவானதைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல், குனு பொது உரிமத்தின்கீழ் அனைவர்க்கும் வழங்கினர் அறக்கட்டளையினர். ரிச்சர்டு ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனு திட்டத்தின் பயனாக 1989இல் வெளிவந்தது அவ்வுரிமம். அதன்படி மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். திருத்தியதைப் பரப்புவோர் அதே உரிமைகளைப் பெறுவோர்க்கும் அளித்தல் வேண்டும். புதிய மென்பொருளுக்கு அவர்கள் இட்ட பெயர் ‘கோஹா’. மாவோரி மொழியில் அது கொடையைக் குறிக்கும். பெற்றவர் மீண்டும் அளிக்கும் கடப்பாட்டையும் உணர்த்தும். நம் வள்ளுவர் ஒப்புரவு என்றதனோடு இஃது ஒப்புநோக்கத் தக்கது.

பெயருக்கேற்ப, பெற்றவரும் கொடுத்தனர். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து நெல்சன்வில் பொது நூலகம், நூற்பட்டியல் பரிமாற்றத்திற்குரிய ‘மார்க்’ பதிவுமுறையைக் கோஹாவில் சேர்ப்பதற்குப் பொருளுதவி செய்தது. அவ்வசதி எல்லா நூலகங்களுக்கும் பொதுவாயிற்று. இந்தியக் கல்லூரி நூலகங்கள் பலவும் இன்று கோஹாவைப் பயன்படுத்துகின்றன.

இக்கொடைக்கு இடையூறும் நேர்ந்தது. நியூசிலாந்தில் ‘கோஹா’ என்னும் பெயரையே வணிகக் குறியாகப் பதிவு செய்ய அமெரிக்க நிறுவனம் ஒன்று முற்பட்டது. அதற்குத் தொடக்கநிலை ஒப்புதல் கிடைத்த செய்தி 2011 நவம்பரில் வெளியாயிற்று. நிரலுக்குக் காவலாக உரிமம் இருந்தது. பெயருக்கோ அத்தகைய காவல் இல்லை. அறக்கட்டளை எதிர்ப்புத் தெரிவித்து, சட்டச் செலவுக்கு நன்கொடை வேண்டிப் பொதுமக்களிடம் முறையிட்டது. அந்நிறுவனத்தின் விண்ணப்பம் பின்னர் நிராகரிக்கப்பட்டது. கொடையாக வந்ததைக் கூடிநின்று காக்கவும் வேண்டும் என்பதனை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

நம் சங்கங்களும் அறநிலையங்களும் சிறு நூலகங்களும் இவ்வரலாற்றைத் தமக்குரிய பாடமாகக் கொள்ளலாம். பொதுமக்கள் தந்த பணத்தைச் செலவிடும் அமைப்பு, தன் உறுப்பினர் பட்டியலையும் கணக்கேடுகளையும் பிறர் பூட்டிய பெட்டிக்குள் வைத்துவிட்டு, ஆண்டுதோறும் திறவுகோலுக்கு வாடகை கொடுத்துக்கொண்டிருத்தல் தகுமா? திறமூல மென்பொருள் செலவே இல்லாதது என்று மயங்குதலும் கூடாது. அதனை நிறுவவும், பணியாளரைப் பயிற்றவும், பதிவுகளுக்குப் படியெடுத்துக் காக்கவும் உழைப்பும் பொருளும் தேவை. எனினும் அச்செலவு நம்மவரின் அறிவை வளர்க்கும். நாம் செய்யும் திருத்தம் நாம் காணாத ஊரின் நூலகத்திற்கும் பயன்படும். கணினி கற்ற நம் மாணவர், தம் ஊர்ச் சங்கத்திற்கு இப்பணியைத் தொண்டாகச் செய்ய முன்வருவாராக. அவர்க்கு வழிகாட்டுதல் ஆசிரியர் கடமையாகும்.