உஹெர்ஸ்கி ப்ரோத் ஆலையின் தொண்ணூறு ஆண்டுகள்: எட்டும் விலையில் ஒரு நம்பகமான பிஸ்டல்

செக் நாட்டின் கிழக்கு ஓரத்தில், ஸ்லோவாக்கிய எல்லைக்குப் பக்கத்தில் உஹெர்ஸ்கி ப்ரோத் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஆசிரியர் பயிற்சி பெற்றவர்கள் கொமீனியஸ் என்ற பெயரைப் படித்திருப்பார்கள். குழந்தைகளுக்காகப் படங்களோடு பாடநூல் அமைத்து 1658இல் வெளியிட்டவர் அவர். தம் ஊரில்தான் அவர் பிறந்தார் என்று உரிமை கொண்டாடும் உஹெர்ஸ்கி ப்ரோத், அவர் பெயரில் ஓர் அருங்காட்சியகமும் வைத்திருக்கிறது. துப்பாக்கி சுடும் நமக்கோ அது சி.இசட். ஊர். 1936இல் அங்கே எழுந்த ஆலைக்கு 2026இல் தொண்ணூறு வயது நிறைகிறது. அதன் வரலாற்றை நம் சங்க மலருக்கு எழுத முடியுமா என்று கேட்டதும் ஒப்புக்கொண்டேன். விலை குறைந்த பிஸ்டல் என்றாலே "எப்போது காலை வாரிவிடுமோ" என்று சந்தேகப்படும் வழக்கம் நம் வட்டாரத்தில் உண்டு. அந்தச் சந்தேகத்துக்கு இந்த ஆலையின் வரலாறு தெளிவாகப் பதில் சொல்கிறது.

தாய் நிறுவனமான செஸ்கா ஸ்ப்ரொயோவ்கா (சுருக்கமாக சி.இசட்.), தென் பொஹீமியாவில் ஸ்ட்ராகொனிட்சே ஊரில் இருந்தது. 1919இல் பில்சனில் தொடங்கி, ஸ்ட்ராகொனிட்சேக்கு இடம் மாறி, 1922இல் இந்தப் பெயரைப் பெற்றது. துப்பாக்கியோடு மிதிவண்டியும் மோட்டார் சைக்கிளும் செய்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜாவாவோடு கைகோத்து ஏற்றுமதியான வண்டிகள் அவை. மைசூரில் தயாரான ஜாவாவை ஓட்டிய நம் பெரியவர்களுக்கு இது பங்காளி வீடு என்றே சொல்லலாம். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஸ்ட்ராகொனிட்சே ஆபத்தான இடத்தில் இருப்பது செக்கோஸ்லோவாக்கிய அரசுக்கு உறைத்தது. ஜெர்மன் எல்லை மிகப் பக்கம். ஆயுதத் தொழிலைக் கிழக்கே தள்ளிக் கொண்டுபோக முடிவானது. 1936 கோடையில் உஹெர்ஸ்கி ப்ரோதில் கட்டுமானம் தொடங்கி, 1937 தொடக்கத்திலேயே உற்பத்தியும் தொடங்கிவிட்டது. விமானங்களில் பொருத்தும் இயந்திரத் துப்பாக்கிகள் முதலில் வந்தன. எந்தப் பகைக்கு அஞ்சிக் கட்டினார்களோ அந்தப் பகையே 1939 மார்ச்சில் உள்ளே நுழைந்தது. போர் முடியும்வரை ஆலை ஜெர்மானியர் கையில் இருந்தது.

போருக்குப் பின் நாட்டுடைமை. சில ஆண்டுகளில் ஸ்ட்ராகொனிட்சேயிலிருந்து பிரிந்து தனி நிறுவனம். 1950களின் இறுதியிலிருந்து இங்கே தயாரான வி.இசட். 58 ரைபிளைப் பற்றி ஒரு வார்த்தை. வெளித்தோற்றத்தில் கலாஷ்னிகோவ் போலிருந்தாலும் உள்ளே முற்றிலும் வேறான இயந்திரம் அது. அதன் உடற்பகுதியைத் தகடு வளைத்துச் செய்யவில்லை. எஃகுக் கட்டியைக் கடைந்து செய்தார்கள். அந்த ரைபிள் லட்சக்கணக்கில் வெளிவந்த ஆண்டுகளில் ஊரின் ஒரு தலைமுறையே எஃகைக் கடையும் வேலையில் கை தேர்ந்தது. பின்னால் வந்த பிஸ்டலின் தரத்துக்கு வரைபடம் எவ்வளவு காரணமோ, அந்தக் கைகளும் அவ்வளவு காரணம் என்று நான் நம்புகிறேன்.

இனி அந்தப் பிஸ்டலுக்கு வருவோம். 1960களின் இறுதியில் 9 மி.மீ. பாராபெல்லம் தோட்டாவுக்கு ஒரு புதிய பிஸ்டல் வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. வார்சா ஒப்பந்தப் படைகள் பயன்படுத்திய தோட்டா அது அல்ல; மேற்கு நாடுகளின் தோட்டா. விற்று வெளிநாட்டுச் செலாவணி ஈட்டுவதே நோக்கம் என்பதால் சொந்த ராணுவத்தின் நிபந்தனைகள் எதுவும் குறுக்கே வரவில்லை. பணியை ஏற்றவர் பிரான்டிசெக் கோவ்ட்ஸ்கி. அண்ணன் யோசெப்போடு சேர்ந்து பல ஆண்டுகள் துப்பாக்கிகள் வடிவமைத்த அனுபவசாலி. இதை அதற்கு இணையாகச் செய், அதை இதற்குப் பொருத்து என்று மேலிருந்து யாரும் சொல்லாத சுதந்திரம் அவருக்கு அபூர்வமாக வாய்த்தது. 1975இல் மாதிரி தயாரானது. சி.இசட். 75 என்ற பெயர் அப்படி வந்தது.

கோவ்ட்ஸ்கி எதையும் வெறுமையிலிருந்து கண்டுபிடிக்கவில்லை. பேரலும் ஸ்லைடும் பூட்டிக்கொள்ளும் முறையும், இரட்டை வரிசையில் தோட்டா அடுக்கும் மேகசினும் 1935இன் பிரவுனிங் ஹை பவர் காட்டிய வழி. முதல் குண்டை நீளமான டிரிகர் இழுப்பால் சுட்டு, அடுத்தடுத்தவற்றை லேசான இழுப்பால் சுடும் ஏற்பாடு வால்தர் பி38 பரவலாக்கியது. அந்த ஏற்பாட்டில் அவர் ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்தார்: சுத்தியலை ஏற்றி வைத்த நிலையிலும் சேஃப்டியைப் போட முடியும். மேகசினில் பதினைந்து தோட்டா. அந்த நாளில் அது பெரிய எண்ணிக்கை.

ஆனால் என் கண்ணுக்கு மேலானது இன்னோர் அம்சம்தான். பெரும்பாலான பிஸ்டல்களில் ஸ்லைடு பிரேமுக்கு வெளிப்புறமாகக் கவ்விக்கொண்டு ஓடும். இதில் ஸ்லைடு பிரேமுக்கு உள்ளே ஓடுகிறது. கழற்றிப் பார்த்தால் விளங்கும். மேகசினை எடுத்து, அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு, ஸ்லைடைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தால், அதன் பின்முனையிலும் பிரேமிலும் உள்ள இரண்டு சிறு கோடுகள் நேராகச் சேரும் இடம் ஒன்று வரும். அப்போது வலப்பக்கத்திலிருந்து ஸ்லைடு ஸ்டாப்பின் முனையை அழுத்தினால் அது இடப்பக்கம் வெளியே வந்துவிடும். ஸ்லைடு முன்பக்கமாக வழுக்கிக்கொண்டு கையில் வரும். இப்போது பிரேமின் உள்சுவரில் விரலை வைத்துத் தடவுங்கள். இரண்டு பக்கமும் நீளமான வழித்தடங்கள் தட்டுப்படும். ஸ்லைடின் ஓட்டத்தை ஆடாமல் அசையாமல் பிடித்து வைத்திருப்பவை அவையே. குண்டு எங்கே போய் விழ வேண்டுமோ அங்கேயே விழுவதில் அந்தப் பிடிப்புக்குப் பெரும் பங்கு உண்டு.

இந்த யோசனையும் முன்பே இருந்ததுதான். சார்ல் பெட்டர் வடிவமைப்பில் பிறந்த சுவிட்சர்லாந்தின் சிக் பி210 பிஸ்டலில் இதே உள்வழித் தடம் உண்டு. துல்லியத்துக்குப் பேர் போன பிஸ்டல் அது. விலைக்கும் பேர் போனது. உதிரிப் பாகங்களை ஒன்றுக்கொன்று பார்த்துப் பார்த்துப் பொருத்திய உழைப்பின் விலை. அதே உள்வழித் தடத்தைத் தொடர் உற்பத்தியில், சாதாரண உரிமதாரர் தொடக்கூடிய விலையில் கொடுக்க முடியும் என்று உஹெர்ஸ்கி ப்ரோத் நிரூபித்தது. இந்த ஆலையின் பெருமை எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

பணத்தை எங்கே மிச்சம் பிடித்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் கடைந்து செய்த பிரேமைச் சில ஆண்டுகளில் துல்லிய வார்ப்பு முறைக்கு மாற்றினார்கள். கடைசல் நேரம் குறைந்தது. வழித்தடங்களோ முன்பைவிட நீண்டன. பிற்காலத்தில் பளபளக்கும் நீலப் பூச்சுக்குப் பதில் சூட்டில் உலர்த்திய கறுப்புப் பூச்சு வந்தது. பார்வைக்குச் சற்று மங்கல், துருவைத் தாங்குவதில் திடம். வெளிப்புறத்தில் அரைகுறையாக விட்ட மெருகைக் குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. பேரல், வழித்தடம், தோட்டா ஏறும் சரிவு ஆகிய மூன்றிலும் கஞ்சத்தனம் செய்யாத வரை, வெளிப்பூச்சில் சிக்கனம் செய்வது நியாயமான கணக்கு.

குறையே இல்லையா என்றால் இருக்கிறது. ஸ்லைடு உள்ளே ஓடுவதால் வெளியே பிடிக்கக் கிடைக்கும் உயரம் குறைவு. வியர்த்த கையோடு பின்னுக்கு இழுப்பவருக்கு அது சிரமம்தான். ஆயிரக்கணக்கில் சுட்டுத் தள்ளும் போட்டியாளர்களிடம் ஸ்லைடு ஸ்டாப் முறிவதும் அறிந்த சங்கதி. விவரமானவர்கள் பையில் ஒன்று உபரியாக வைத்திருப்பார்கள். நம்பகம் என்பது எதுவும் உடையாது என்பதல்ல. எது உடையும், எப்போது மாற்ற வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்து, மாற்றுப் பாகமும் எளிதில் கிடைத்தால் அந்தப் பிஸ்டலை நம்பலாம்.

கோவ்ட்ஸ்கிக்கு நேர்ந்தது எனக்கு இன்றும் மனத்தாங்கல் தரும் விஷயம். அவருடைய காப்புரிமைகளை அரசு இரகசியப் பட்டியலில் வைத்தது. அதனால் வெளிநாடுகளில் பதிவு செய்ய வழியில்லாமல் போயிற்று. விற்பனை மட்டும் வெளிநாட்டில்! விளைவு எதிர்பார்த்ததுதான். இத்தாலியில் டான்ஃபோலியோ, சீனாவில் நோரிங்கோ, துருக்கியில் சார்சில்மாஸ், இஸ்ரேலில் ஜெரிகோ என்று அதன் சாயலில் பிஸ்டல்கள் கிளம்பின. அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் நாட்டுச் சரக்குக்கு இறக்குமதி வரி கடுமையாக இருந்ததால், அங்கே பலர் முதலில் கையில் எடுத்தது இத்தாலிய வாரிசைத்தான். அமெரிக்கத் துப்பாக்கி எழுத்தாளரும் பயிற்சியாளருமான ஜெஃப் கூப்பர், தாம் ஈடுபட்ட பிரென் டென் பிஸ்டலுக்கு அடித்தளமாகக் கொண்டதும் சி.இசட். 75 வடிவத்தையே. படைத்தவர் நாட்டு ராணுவத்திலோ அந்நாளில் சி.இசட். 75 சேரவில்லை. அவர்களுக்காக இதே ஆலை 1980களில் வி.இசட். 82 என்ற வேறு பிஸ்டலைச் செய்தது.

கம்யூனிஸ்ட் ஆட்சியை வீழ்த்திய 1989 புரட்சிக்குப் பின் கதவுகள் திறந்தன. 1992இல் ஆலை கூட்டுப் பங்கு நிறுவனமானது. 1997இல் அமெரிக்காவில் சொந்தக் கிளை தொடங்கியது. செக் போலீஸார் இடுப்பில் 75ஆம் வகையின் சிறிய வடிவம் ஏறியது. இரும்பு பிரேமின் காலம் முடிந்தது என்று பலரும் பேசிய 2016இல், போட்டிகளுக்கென்றே ஒன்றேகால் கிலோவுக்கும் மேல் எடையுள்ள ஷேடோ 2 வந்தது. உள்ளே அதே வழித்தடம். மறு ஆண்டு பிளாஸ்டிக் பிரேமில் பி-10 வந்தது. 2021இல், 1836 முதல் வரலாறு கொண்ட அமெரிக்காவின் கோல்ட் நிறுவனத்தையே இந்த ஆலையின் தாய்க் குழுமம் வாங்கிவிட்டது.

நம்மவர்களுக்கு இந்த ஆலையோடு உறவு ரைபிள் வழியாகத்தான் அதிகம். பழைய கையிருப்புள்ள சங்கங்களில் புர்னோ என்று பாசத்தோடு சொல்லும் .22 ரைபிள்களின் வழித்தோன்றல்கள் பிற்பாடு உஹெர்ஸ்கி ப்ரோதில்தான் தயாராயின. 9 மி.மீ. பாராபெல்லம் நம் சட்டப்படி தடை செய்யப்பட்ட அளவு. சாதாரண உரிமதாரர் அறிந்தது .32. வி.இசட். 82இன் பொதுமக்கள் வடிவமான சி.இசட். 83 அந்த .32 அளவிலும் வந்தது. எந்த நாட்டுத் தயாரிப்பாக இருந்தாலும் பழைய .32 பிஸ்டல் ஒன்றை விலை பேசும் உறுப்பினர்களே, மேல்பூச்சு உரிந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பேரலின் உள்வரிகள் கூர்மையாக இருக்கின்றனவா, வழித்தடம் தேய்ந்து ஸ்லைடு பக்கவாட்டில் ஆடுகிறதா, ரீகாயில் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா, மேகசினின் வாய் விரிந்திருக்கிறதா என்று பாருங்கள். இவை நான்கும் சரியாக இருந்தால் கேட்கும் விலையைப் பற்றிப் பேசத் தொடங்கலாம்.